நான்கு நிமிடமும் ஒரு சாப்பாட்டு ரசீதும்

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, பேச்சுவாக்கில் பழைய ஜப்பானிய துப்பறியும் நாவல்களைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நம்மில் பல பேர் சத்தமில்லாமல் இதே வேலையாக இருந்திருக்கிறோம் என்று தெரிகிறது. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான். எந்தக் கதையின் முடிச்சையும் அவிழ்க்க மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: நீங்கள் சொன்னதை நம்பி 'ஹோன்ஜின் கொலைகள்' ஆங்கில மொழிபெயர்ப்பு வாங்கினேன். இருபது பக்கம் தாண்டவில்லை. கென்சோ, கின்சோ, ரியூஜி, ரியோசுகே... யார் மாப்பிள்ளை, யார் சித்தப்பா என்றே பிடிபடவில்லை. ஜப்பானியப் பெயர்கள் மண்டையில் நிற்க ஏதாவது வழி உண்டா?

உண்டு. நான் முதல் தடவை படித்தபோது ஒரு பழைய வங்கிச் செலான் பின்பக்கத்தில் எல்லார் பெயரையும் எழுதி, பக்கத்தில் 'தம்பி', 'பெண்ணின் சித்தப்பா' என்று குறித்து வைத்துக்கொண்டேன், அந்தச் செலான் இன்னும் அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. கூடவே ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்: அந்தக் காலத்துக் கதைகளில் பெயர் 'கோ' என்று முடிந்தால் பெரும்பாலும் பெண். கட்சுகோ, சுசுகோ, இட்டோகோ. 'ரோ', 'சோ', 'சுகே' என்று முடிந்தால் ஆண். சபுரோ என்றாலே மூன்றாவது பையன் என்றுதான் அர்த்தம். இன்னொன்று, ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆங்கிலப் பதிப்பின் அட்டையில் பெரும்பாலும் திருப்பிப் போட்டிருப்பார்கள். உங்கள் ஹோன்ஜின் அட்டையில் ஸெய்ஷி யோகோமிஸோ என்று இருப்பவரும் ஜப்பானியர்கள் சொல்லும் யோகோமிஸோ ஸெய்ஷியும் ஒரே ஆள்தான், இரண்டு எழுத்தாளர்கள் என்று நினைத்துத் தேடாதீர்கள். (நான் தேடியிருக்கிறேன்.)

ஆனால் உண்மையைச் சொன்னால், தப்பு உங்கள் பேரில் இல்லை, என் பேரில்தான். முதல் புத்தகமாக ஹோன்ஜினைச் சொல்லியிருக்கக் கூடாது. மாட்சுமோட்டோ ஸெய்ச்சோவின் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' இருக்கிறதே, அதில் ஆரம்பியுங்கள். சின்னப் புத்தகம், முக்கியமான ஆட்கள் ஏழெட்டுப் பேருக்குள், அதில் ரயில்தான் பெரிய ஆள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: அந்த 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' நாவல் முழுக்க ரயில் கால அட்டவணைதான் என்று நண்பர் சொல்கிறார். வாசிக்கிற சுகம் அதில் எங்கே சார் இருக்கிறது?

நண்பர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். ஜப்பானில் இந்த நாவலின் பெயர் 'புள்ளிகளும் கோடுகளும்'. 1957-இல் ஒரு சுற்றுலா மாத இதழில் தொடராக வந்தது. அதைப் படித்தவர்கள் ரயில் நேரம் பார்த்தே பழகியவர்கள். கதையில் வருகிற 'அசகாஸெ' என்ற இரவு எக்ஸ்பிரஸ் டோக்கியோவிலிருந்து தெற்கே ஹகாட்டா வரை போகும், பதினேழு மணி நேரத்துக்கு மேல் பயணம். அது ஓட ஆரம்பித்ததே 1956 நவம்பரில்தான். ஊரே பேசிக்கொண்டிருந்த புது வண்டியைக் கதைக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

கதை இப்படி ஆரம்பிக்கிறது. ஃபுகுவோகா பக்கம் கஷீ கடற்கரையில், ஜனவரி மாதக் குளிரில், ஒரு ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் செத்துக் கிடக்கிறார்கள். அருகே ஒரு ஜூஸ் பாட்டில், அதில் சயனைடு. அவன் அமைச்சகத்து அதிகாரி, அந்த அமைச்சகத்தில் ஒரு லஞ்ச வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் டோக்கியோவில் ஒரு உணவகத்தில் பரிமாறுகிறவள். காதல் ஜோடி தற்கொலை என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தோரிகாய் என்று உள்ளூர் துப்பறியும் போலீஸ்காரர், வயதானவர், ஒல்லி, கசங்கிய கோட்டு. அவருக்கு உறுத்துவது செத்தவன் பையில் கிடந்த, ரயிலின் உணவகப் பெட்டியில் சாப்பிட்ட ரசீது. அதில் 'ஒருவர்' என்று போட்டிருக்கிறது.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். தோரிகாய் வீட்டுக்குப் போகிறார், கல்யாணத்துக்கு நிற்கிற மகளிடம் கேட்கிறார்: நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிறவனும் ரயிலில் போகிறீர்கள், அவன் சாப்பிடக் கூப்பிடுகிறான், உனக்குப் பசி இல்லை, என்ன செய்வாய்? பசி இல்லாவிட்டாலும் கூடப் போய் உட்கார்ந்து ஒரு காபியாவது குடிப்பேன் என்கிறாள் மகள். அவ்வளவுதான். அந்த ஒரு காபிதான் வழக்கைத் திரும்பத் திறக்கிறது. சாகப் போகிற காதலர்கள், கூட உட்காரக்கூட அவள் போகவில்லையா? கைரேகையும் கிடையாது, பூதக்கண்ணாடியும் கிடையாது. வீட்டில் சாப்பிட உட்காருகிற நேரத்தில் வருகிற ஒரு சந்தேகம். அப்புறம் அந்த மனிதர் கஷீயில் இருக்கிற இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவில், கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வெவ்வேறு வேகத்தில் நடந்து நடந்து பார்க்கிறார். எனக்கு அந்த நடை மிகவும் பிடிக்கும்.

சரி, கால அட்டவணைக்கு வருகிறேன். அந்த ஜோடி டோக்கியோவில் 15-ஆம் நடைமேடையில் ரயில் ஏறியதை இன்னும் மூன்று பேர் 13-ஆம் நடைமேடையில் நின்று பார்த்திருக்கிறார்கள். நடுவில் எப்போதும் ஏதாவது வண்டி வந்து மறைத்துக்கொண்டே இருக்கும் நிலையம் அது. 13-இல் இருந்து 15 தெரிவது மாலை 5.57-லிருந்து 6.01 வரைதான். நாள் முழுக்க வெறும் நான்கு நிமிடம்! அந்த நான்கு நிமிடத்தில் அவர்கள் தற்செயலாகவா அங்கே நின்றார்கள்? இதற்கு மேல் சொல்ல மாட்டேன். யார் செய்தது என்பது சீக்கிரமே உங்களுக்கு விளங்கிவிடும், ஆனால் அந்த ஆள் அன்றைக்கு நாட்டின் இன்னொரு கோடியில், வடக்கே ஹொக்கைடோவில் இருந்ததற்குச் சாட்சிகள் இருக்கின்றன. அந்தச் சாட்சியங்களை ஒவ்வொன்றாக உடைப்பதுதான் மீதிக் கதை.

ஸெய்ச்சோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1909-இல் பிறந்தவர், வறுமையால் படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. அச்சுத் தொழில் பழகி, பிறகு ஒரு செய்தித்தாளின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத வந்தார். 1953-இல் அகுடகவா பரிசு வாங்கினார், அது இலக்கியத்துக்குக் கொடுப்பது. அவருடைய குற்றவாளிகள் பைத்தியக்காரர்களாகவோ மேதைகளாகவோ இருப்பதில்லை. எங்கேயோ ஒரு அலுவலகத்தில், மேலே இருப்பவனைக் காப்பாற்ற கீழே இருப்பவன் சாகிறான். ஆங்கிலத்தில் இது முதலில் 1970-இல் வந்தது. இப்போது கடையில் கிடைப்பது ஜெஸ்ஸி கிர்க்வுட் செய்த 2022 மொழிபெயர்ப்பு, அது சரளமாகப் போகிறது.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்: இந்த நாவல்களில் ஏன் வீட்டு வரைபடம் போடுகிறார்கள்? நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். 'ஹோன்காகு' என்றால் என்ன?

ஐயோ, தாண்டாதீர்கள். அந்தப் பக்கத்தில்தான் கதையே இருக்கிறது.

ஹோன்காகு என்றால் 'முறையான', 'அசல்' என்று வைத்துக்கொள்ளலாம். வாசகருக்குத் தெரியாத தடயம் எதுவும் துப்பறிவாளருக்குத் தெரியக் கூடாது, எல்லாம் கண்முன்னே வைக்கப்பட்டிருக்க வேண்டும், முடிந்தால் நீயே கண்டுபிடி என்கிற வகை. இங்கிலாந்து, அமெரிக்கக் கதைகளைப் பார்த்து இவர்களுக்கு ஆசை வந்தது, ஆனால் ஒரு பெரிய சிக்கல். அங்கே பூட்டிய அறைக்குள் கொலை நடக்கும். கல் சுவர், கனத்த கதவு, உள்தாழ்ப்பாள். ஜப்பானிய வீட்டில் பூட்டுவதற்கு என்ன இருக்கிறது? மரச் சட்டத்தில் காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகள், விரலால் குத்தினால் ஓட்டை விழும். நாலா பக்கமும் திறந்த வீடு. இதற்குள் எப்படிப் பூட்டிய அறை மர்மம் எழுதுவது?

மர்மக்கதை எழுத்தாளர் எடோகவா ரன்போ 1925-இல் எழுதிய ஒரு கதையில் இந்தத் தள்ளுகதவையே பிடித்துக்கொண்டார். டோக்கியோவில் டாங்கோஸாகா என்ற மேட்டுத் தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை. கடைக்காரர் மனைவி உள்ளே இறந்து கிடக்கிறாள். சட்டச் சட்டமாக இடைவெளி விட்ட கதவு வழியாக இரண்டு மாணவர்கள் ஒரு ஆளைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் கறுப்புக் கிமோனோ என்கிறான், மற்றவன் வெள்ளை என்கிறான், இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அதை வைத்துக் கதைசொல்லி ஒரு அழகான விளக்கம் கட்டுகிறான், அது சரியா தவறா என்பதை நீங்களே பாருங்கள். துப்பறியும் அகெச்சி கோகோரோ முதலில் வந்தது அந்தக் கதையில்தான். ரன்போ அதே தெருவில் தம்பிகளோடு சேர்ந்து பழைய புத்தகக் கடை நடத்தியவர், அதனால் கடைக்கு உள்ளே இருட்டு எங்கே விழும் என்பது அவருக்கு அத்துப்படி.

பூட்டிய அறையை முழுசாகச் சாதித்தது யோகோமிஸோவின் ஹோன்ஜின். எழுதிய சூழ்நிலையைப் பாருங்கள். போர்க்காலத்தில் துப்பறியும் கதைக்கு இடமே இல்லை, 1939-இல் ரன்போவின் ஒரு கதையைத் தடையே செய்துவிட்டார்கள். 1945-இல் யோகோமிஸோ குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒகயாமா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் போய் ஒதுங்கினார். போர் முடிந்த மறு வருஷமே, 1946-இல், அந்தக் கிராமத்தைப் போலவே ஒன்றில் நடக்கிற கதையைத் தொடராக எழுத ஆரம்பித்துவிட்டார். ஹோன்ஜின் என்றால் பிரபுக்கள் தலைநகருக்குப் போகும் வழியில் தங்கிச் செல்லும் விடுதி வீடு. அதை நடத்திய குடும்பத்துக்கு அந்த வட்டாரத்தில் பெரிய மரியாதை. அந்த வீட்டு மூத்த பையனுக்கு 1937 நவம்பரில் கல்யாணம். பெண் வசதியான வீடுதான், ஆனால் பரம்பரை கிடையாது. முதலிரவு தோட்டத்தில் இருக்கும் தனி வீட்டில். விடிவதற்குச் சற்று முன் ஒரு அலறல், அதைத் தொடர்ந்து கோட்டோ என்கிற தந்திவாத்தியத்தை யாரோ வெறி பிடித்ததுபோல் மீட்டுகிற சத்தம். மழை, குளிர் தாங்குவதற்காகச் சுற்றிலும் இழுத்து மூடும் கெட்டி மரப்பலகைக் கதவுகள் எல்லாம் உள்ளே அடைத்திருக்கின்றன. கோடாலியால் உடைத்து நுழைகிறார்கள். இரண்டு உடல்கள். தங்கத்தகடு போட்ட மடக்குத் தட்டியில் மூன்று விரல் ரத்தத் தடம். கொன்ற வாள் வெளியே தோட்டத்தில், கல்விளக்கு ஓரம் பனியில் குத்தி நிற்கிறது. சுற்றிலும் பனி, ஒரு காலடித் தடம்கூட இல்லை.

இப்போது வரைபடத்துக்குப் போங்கள். கழிப்பறை எங்கே, கல்விளக்கு எங்கே, எந்தப் பக்கம் பலகைக் கதவு, எங்கே ஓடை, மரம் எங்கே. நான் படிக்கும்போது அந்தப் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டே படிப்பேன். கொலைகாரன் யார் என்பதைவிட, அந்த வீடு இப்படிக் கட்டப்பட்டிருப்பதால்தான் இந்தக் கொலை இப்படி நடந்தது என்று தெரியும்போது வருகிற திருப்தி பெரிது. விளக்கம் கொஞ்சம் ஜவ்வு மாதிரி இழுபடும், நம்ப முடிகிறதா என்றால் முடியவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ரசிக்க முடிகிறது.

துப்பறிவாளர் கிண்டாய்ச்சி கோசுகே வருவது நாவலில் கணிசமான பக்கங்கள் போன பிறகு. கலைந்த தலை, கசங்கிய உடை, உற்சாகம் வந்தால் தலையைச் சொறிவார், திக்குவார். அமெரிக்காவில் போதை மருந்துப் பழக்கத்தில் சுற்றியவர். பெயரைக்கூட அயினு என்ற வட ஜப்பானியப் பழங்குடியினரின் மொழியை ஆராய்ந்த ஒரு மொழியியலாளரின் குடும்பப் பெயரிலிருந்து எடுத்தார்கள். இந்த மனிதர் வந்த பிறகு கொலைகள் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், மற்ற நாவல்களில் இவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசையாக விழுவார்கள்.

கோவையிலிருந்து ஒரு தாய்: என் பையனுக்கு 13 வயது. ரன்போ கதைகள் கொடுக்கலாமா?

பெரியவர்களுக்கு எழுதியவற்றைக் கொடுக்காதீர்கள். ஒருவன் மெத்தை நாற்காலிக்குள் ஒளிந்துகொண்டு அதில் உட்காருகிறவர்களை... வேண்டாம், நீங்களே முதலில் படியுங்கள். பையன்களுக்கென்றே அவர் 1936-இல் ஆரம்பித்த, இருபது முகம் கொண்ட மாறுவேடக் கொள்ளைக்காரன் கதை இருக்கிறது. அதைத் தாராளமாகக் கொடுக்கலாம், அகெச்சியும் வருவார்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலம், அதை நாம் தமிழ் மனசோடு படிக்கிறோம். சொல் நயமெல்லாம் வடிகட்டிப் போயிருக்காதா? அப்படிப் படித்து என்ன பயன்?

போயிருக்கும். எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு உதாரணம். யோகோமிஸோவின் 'இனுகாமி குடும்பத்தின் சாபம்' நாவலில் ஒரு பட்டுத் தொழிலதிபர் செத்துப்போகிறார். மூன்று பெண்களுக்கும் பிடிக்காத ஒரு உயிலை எழுதி வைத்துவிட்டு. வீட்டில் பரம்பரைச் சின்னமாக மூன்று பொருட்கள்: கோடாலி, தந்திவாத்தியம், செவ்வந்திப் பூ. ஆங்கிலத்தில் படித்தால் ஏதோ மூன்று பொருட்கள். ஜப்பானியத்தில் அவை யோக்கி, கோட்டோ, கிக்கு. மூன்றையும் சேர்த்துச் சொன்னால் 'நல்ல சேதி கேட்க' என்று ஒரு மங்கல வாக்கியம் ஆகிவிடும். அந்த வீட்டில் நல்ல சேதி என்று எதுவும் வருவதில்லை என்பதுதான் வேடிக்கை. மொழிபெயர்ப்பாளர் இதை விளக்கித்தான் சொல்ல முடியும், காதில் விழ வைக்க முடியாது. காளமேகத்தின் சிலேடையை ஆங்கிலத்தில் போட்டால் என்ன கதியோ அதே கதி.

நீங்கள் நெல்லைக்காரர் என்பதால் இன்னொன்று. ஸெய்ச்சோவின் 'மணல் பாத்திரம்' நாவல், ஆங்கிலத்தில் இன்ஸ்பெக்டர் இமனிஷி பெயரில் 1989-இல் வந்தது. கொலை நடந்த ராத்திரி ஒரு மதுக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கு வடகிழக்கு ஜப்பான் இழுவை, 'கமேடா' என்று ஒரு சொல் காதில் விழுந்தது. சாட்சிகளுக்கு நினைவிருப்பது இவ்வளவே. அந்த வட்டார வழக்கை மட்டும் வைத்துக்கொண்டு இமனிஷி நாடெல்லாம் ரயில் ஏறுகிறார். 'ஏல' என்று ஒருவர் கூப்பிட்டால் எந்த ஊர் என்று உங்களுக்கு எப்படிச் சட்டென்று தெரியுமோ, அப்படி ஜப்பானிய வாசகருக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் அந்த இழுவை வராது, 'இழுத்துப் பேசினார்' என்ற தகவல்தான் வரும். ஆனால் ஒரு பேச்சு வழக்கைத் தடயமாகத் தூக்கிக்கொண்டு அலைவது எப்படிப்பட்ட வேலை என்று நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய வாசகர் யார்? நமக்கு ஊருக்கு ஒரு தமிழ் இருக்கிறதே. அந்த இடத்தில் ஆங்கிலேய வாசகரைவிட நமக்கு அனுகூலம் கூட என்றே நினைக்கிறேன்.

மொழிபெயர்ப்பு என்ற வேலைக்கே ஒரு கதை உண்டு. ரன்போவின் ஒன்பது கதைகள் ஆங்கிலத்தில் 1956-இல் வந்தன. மொழிபெயர்த்த ஜேம்ஸ் ஹாரிஸுக்கு ஜப்பானியம் சரளமாகப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. ரன்போவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும், பேசவோ எழுதவோ வராது. என்ன செய்வது? வாரம் ஒருமுறை இரண்டு பேரும் உட்காருவார்கள். ரன்போ ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்து அர்த்தம் சொல்வார், ஹாரிஸ் தட்டச்சு அடிப்பார், ரன்போவுக்குத் திருப்தி வரும்வரை. ஐந்து வருஷம் இப்படி. வடிகட்டியதில் போனது போக மிச்சம் இருப்பது அந்த மாதிரி உழைப்பு, அது போதும் எனக்கு.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: 'பத்துக்கோண வீட்டுக் கொலைகள்' படித்தேன். புதிர் சூப்பர், ஆனால் மனிதர்கள் அட்டைப் படம் மாதிரி இருக்கிறார்கள். இதையா எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?

நீங்கள் சொன்னது சரி, அட்டைப் படங்கள்தான். அவர்களுக்குப் பெயரே கிடையாது பாருங்கள்: எல்லரி, அகதா, போ, கார் என்று மேல்நாட்டு எழுத்தாளர்களின் பெயரைப் பட்டமாக வைத்துக்கொண்டு தீவுக்குப் போகிற பல்கலைக்கழக மர்மக்கதைக் கழகத்தினர். அயட்சுஜி யுகிட்டோ இதை எழுதியது 1987-இல், அப்போது அவருக்கு 26 வயது, அவரே அந்த மாதிரிக் கழகத்திலிருந்து வந்தவர். ஸெய்ச்சோவின் செல்வாக்கில் முப்பது வருஷமாக லஞ்சம், அமைச்சகம், அலுத்துப்போன போலீஸ்காரர் என்றே எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த காலம். முதல் அத்தியாயத்திலேயே எல்லரி என்ற பையன், சமூக யதார்த்தம் போதும், எனக்கு மூளைக்கு விளையாட்டு வேண்டும் என்று பொரிந்து தள்ளுகிறான். அதை ஒரு சண்டைக்கான அழைப்பாகத்தான் எழுதியிருக்கிறார்.

எனக்கு மனசு ஸெய்ச்சோ பக்கம்தான். ஆனாலும் அந்த நாவலில் ஒரே ஒரு வரி, ஒருவர் ஒரு சாதாரணக் கேள்விக்குச் சொல்லும் பதில், அதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், அதற்கு மனிதர்கள் அட்டையாக இருப்பது உதவியாகத்தான் இருந்தது.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு முடிவைத் தெரிந்துகொள்ளாமல் படிக்கவே முடியாது, கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவேன். இது குற்றமா?

உங்கள் புத்தகம், உங்கள் இஷ்டம். ஸெய்ச்சோவை அப்படியும் படிக்கலாம், பெரிய நஷ்டம் இல்லை. ஹோன்காகு நாவலை அப்படிப் படித்தால் காசுக்குக் கேடு.

ஒரே ஒரு வேண்டுகோள். சில வருஷம் முன்பு ஒரு நூலகத்தில் யோகோமிஸோ நாவல் ஒன்றை எடுத்தேன். முன்பக்கத்துக் கதாபாத்திரப் பட்டியலில் ஒரு பெயருக்குக் கீழே பென்சிலால் இரட்டைக் கோடு, பக்கத்தில் ஒரு டிக். நூலகர் கையிலிருந்த ரப்பரை வாங்கி அங்கேயே அழித்தேன், ஆனால் பார்த்தது பார்த்ததுதானே. முந்நூறு சொச்சம் பக்கமும் அந்தப் பெயரை முறைத்துக்கொண்டே படித்து முடித்தால், கடைசியில் கொலைகாரர் வேறு ஆள். அந்தப் பென்சில்காரரும் யாரோ நம்மைப் போல ஏமாந்த வாசகர்தான், தன் ஊகத்தை நடுவில் குறித்து வைத்திருக்கிறார். நீங்கள் முடிவைத் தெரிந்துகொண்டு படிக்கிறவர், உங்கள் டிக் சரியாகத்தான் இருக்கும். அதனால் பென்சிலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.